கோளாறு துப்பாக்கியில்தான்

எங்கள் சங்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் குறி தவறினால் யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், அவருடைய துப்பாக்கியைத்தான் பார்ப்போம். "எந்த ரவை போடறீங்க?" என்று கேட்போம். "ஸ்கோப் திருகாணி தளர்ந்திருக்கும், பாருங்க" என்போம், குறி பார்க்கிற கண்ணாடியைக் காட்டி. இலை அசையாத நாளில்கூட "திடீர்னு ஒரு காத்து அடிச்சுதுல்ல?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் பக்கத்து ஈரக் காட்டுக்குள் படுத்துக்கொண்டு, தகரத்தில் வெட்டிய எலியையும் காக்கையையும் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிற முப்பது பேர் நாங்கள். புறம்பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், தேநீர்க் காசு போடாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உன் கை சரியில்லை என்று இன்னொருவரிடம் சொன்னவர் கிடையாது.

என் கணவர் டெஸ்மண்டுக்கு அந்த வருஷம் எழுபத்துமூன்று வயது. டெஸ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் சந்தித்ததே அந்தக் காட்டில்தான். நானும் அப்போது சுட்டுக்கொண்டிருந்தேன். பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி இழுத்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். கோணி மூட்டையைத் தூக்குகிற பலம் வேண்டும் அதற்கு. என் தோள்பட்டை ஒருநாள் முடியாது என்று சொல்லிவிட்டது. பதினோரு வருஷமாக நான் காட்டுக்குப் போவது புள்ளிகளை எழுதவும் தேநீர் ஊற்றவும்தான்.

டெஸ்ஸுக்குச் சங்கத்தைவிடப் பெரிது ரோனாவின் கோழிப் பண்ணை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிறது. ரோனா விதவை, நாட்டுக் கோழிக் குஞ்சுகளை வளர்த்து விற்றுத்தான் பிழைப்பு. எலிகளுக்கு அந்தப் பண்ணை கல்யாண வீடு. விஷம் வைக்க அவளுக்கு மனசில்லை, கொட்டகை மச்சில் கூகை ஆந்தை குடும்பம் நடத்துகிறது. விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் அதுவும் போகும். அதனால் வியாழக்கிழமைதோறும் டெஸ் போவார். பத்தொன்பது வருஷமாகப் போனார். போய் வந்தால் ஒரு அட்டை முட்டையும், "டெஸ் இல்லேன்னா நான் கடையை மூடணும்" என்கிற ஒரு வாக்கியமும் கிடைக்கும். அந்த வாக்கியத்துக்காகத்தான் போனார் என்று நான் நினைக்கிறேன். ஓய்வு பெற்ற தபால்காரரிடம் வேறு யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள்?

போவதற்கு முன் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதிவைத்த சட்டமில்லை, எங்களைப் போன்றவர்கள் தாங்களே வைத்துக்கொண்டது. உயிருள்ள எதையும் சுடுமுன் இருபத்தைந்து கஜத்தில் ஒரு தாளை மாட்டி ஐந்து ரவை போட வேண்டும். ஐந்தும் ஒரு பத்துப் பென்னி நாணயத்துக்குள் அடங்க வேண்டும். அங்கே எப்படிச் சுடப் போகிறோமோ அப்படியே இங்கேயும் உட்கார்ந்து சுட வேண்டும். அடங்காவிட்டால் அன்றைக்குப் போகக் கூடாது. எலியானாலும் ஒரே அடியில் போகட்டும், துடிக்க வேண்டாம் என்பதற்காக.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து ஐந்தும் அடங்கவில்லை. முதலில் நாணயத்துக்கு வெளியே ஒன்று போயிற்று. மார்ச்சில் வட்டம் பிஸ்கட் அளவுக்கு விரிந்தது. ஈஸ்டர் முடிந்தபோது சாசர் அளவு. நாலு மாசமாக ஒரு வியாழக்கிழமைகூட அவர் பண்ணைக்குப் போகவில்லை.

டெஸ் விதவிதமாக ஏழு டப்பா ரவை வாங்கினார். குழலைத் துடைத்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். ஸ்கோப்பைக் கழற்றித் திரும்ப மாட்டினார். சங்கத்தில் எல்லோரும் ஆளுக்கொரு திருகாணியைக் காட்டிக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. காலைத் தேநீரை அவர் கோப்பையில் முக்கால் வரை ஊற்றிக்கொண்டிருந்தவள் பாதியோடு நிறுத்த ஆரம்பித்திருந்தேன். இல்லாவிட்டால் சாசரில் சிந்தும். ஏன் பாதி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேசாமலே இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டோம்.

கடைசியில் ஒருநாள் பழைய துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு வயசாயிடுச்சு, மேவிஸ். ஸ்பிரிங் துப்பாக்கி உதைக்கும், குலுக்கும். ரவை குழலை விட்டு வெளிய போறதுக்குள்ள துப்பாக்கியே ஆடிடுது. முன்னாடியே காத்து நிரப்பி வெச்ச துப்பாக்கின்னா அந்த வம்பே இல்லே. அசையாது. செத்த மீன் மாதிரி கிடக்கும்."

"சரி, வாங்கிக்கோ."

"வாங்கிட்டா கோளாறு எங்கேன்னு தெரிஞ்சிடும்ல?"

தெரிந்துவிடும். துப்பாக்கியில்தான் கோளாறு என்றால் வியாழக்கிழமைகள் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் அவருக்குக் குற்றம் சொல்ல வேறொன்றும் மிச்சமிருக்காது.

பக்கத்து ஊரான லட்லோவில் ரஸ்ஸல் என்பவன் வைத்திருக்கிற துப்பாக்கிக் கடைக்குப் போனோம். நாற்பது வயதுக்காரன், குண்டுக் கன்னம், எப்போதும் வாயில் எதையாவது மென்றுகொண்டிருப்பான். சுவர் முழுக்கத் துப்பாக்கி. டெஸ் உள்ளே நுழைந்ததும் பத்து வயது குறைந்துவிட்டார்.

"வாங்க டெஸ். அந்தக் கடப்பாரைக்கு ஒருவழியா விடுதலையா?"

"வாயை மூடு ரஸ்ஸல். அது உன்னைவிட நேராச் சுடும்."

"என்னைவிட உங்க மேவிஸோட கைப்பையே நேராச் சுடும். சொல்லுங்க, எதுக்கு வேணும்? தாளா, எலியா?"

"ரெண்டுக்கும்."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. தாளுக்குன்னா கனமா, நீளமா வாங்குங்க, ஆடாது. எலிக்குன்னா குட்டையா, லேசா வாங்குங்க, கொட்டகைக்குள்ள கதவுல இடிக்காது. ரெண்டும் வேணும்னா ரெண்டு வாங்குங்க, அந்தக் காசுல நான் விடுமுறைக்கு ஸ்பெயின் போறேன்."

டெஸ் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிறிய ரவையா பெரிய ரவையா என்று அரை மணி நேரம். சிறியது நேர்கோட்டில் போகும், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் காப்பாற்றும். பெரியது மெதுவாக வளைந்து போகும், ஆனால் பட்டால் பட்டதுதான். "எலிக்குப் பெரிசுதான் கருணை" என்றான் ரஸ்ஸல். "சரியான எடத்துல பட்டா சின்னதும் கருணைதான்" என்றார் டெஸ். சிறியதுதான் என்று முடிவானது. பத்து ரவை அடுக்கும் சக்கரம் வைத்ததை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிறதைக் கேட்டார். பத்து இருந்தால் மனுஷன் ஒன்பதை வீணாக்குவான் என்பது அவர் கட்சி.

அடுத்து காற்று. துப்பாக்கியின் சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்க இரண்டு வழி. ஒன்று கைப்பம்ப், சைக்கிள் பம்ப்பின் அண்ணன் மாதிரி இருக்கும். இன்னொன்று முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டிக்கொள்கிற இரும்பு பாட்டில். டெஸ் பம்ப்பைக் கேட்டார். ரஸ்ஸல் கொண்டு வந்து தரையில் வைத்தான். இரண்டு கையாலும் பிடித்து இருபது தடவை அழுத்தினார். முகம் பீட்ரூட் ஆனது. மீட்டர் முள் ஒரு மயிரிழை நகர்ந்தது.

"இன்னும் அறுபது, டெஸ். நடுவுல வேணும்னா சாப்பிட்டுட்டு வாங்க."

"பாட்டிலே குடு, கழுதை."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ரஸ்ஸல் ஒரு துப்பாக்கியை நிரப்பி நீட்டினான். டெஸ் நின்றபடியே தோளில் வைத்து, கடைக் கோடியில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் குறி பார்த்தார். குழல் நுனி ஆடியது. மூச்சு வாங்கினால் குழல் ஏறி இறங்கும், இது அப்படியில்லை. குளிரில் நிற்கிற நாய்க்குட்டி மாதிரி நடுங்கியது. ரஸ்ஸல் மெல்லுவதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம், கண்ணுகளா. இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

"எந்த ரவை போடறீங்க, டெஸ்?" என்றான் ரஸ்ஸல்.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஒரு நீளமான தகரக் கூடம் உண்டு. மேசைமேல் மணல் பை. டெஸ் நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பையின்மேல் கிடத்தி, ஐந்து ரவை போட்டார். சத்தமே இல்லை, யாரோ தும்மலை அடக்கின மாதிரி. தாளைக் கொண்டுவந்தபோது ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டை. என் சுண்டுவிரல் நகத்தால் மூடிவிடலாம்.

"பார்த்தியா!" எழுந்தே விட்டார். "பார்த்தியா மேவிஸ்! துப்பாக்கிதான்! நான் சொன்னேன்ல? கழுதை, நாலு மாசமா என்னைப் பாடா படுத்திடுச்சு!"

துப்பாக்கியைத் தாங்கினது மணல் பை. எனக்குத் தெரியும், ரஸ்ஸலுக்கும் தெரியும். அவரும் நாற்பது வருஷமாகச் சுடுகிறவர். ஆனால் நாலு மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தில் பல் தெரிந்தது. நான் கைதட்டினேன்.

ரஸ்ஸல் மட்டும் ஒரு முயற்சி செய்தான். "விசையை வேணும்னா, நல்லா அழுத்தி இழுக்கற மாதிரி, கொஞ்சம் கனமா வெச்சுத் தரட்டுமா? கொட்டகையில கையுறை போட்டுக்கிட்டுச் சுடறப்போ லேசான விசை சட்டுனு..."

"கனமாவா? இதோட அழகே விசைதான்டா. நெனைச்சா சுடணும். எவ்வளவு லேசா வைக்க முடியுமோ அவ்வளவு லேசா வை."

ரஸ்ஸல் சின்னத் திருப்புளியை எடுத்தான். என் பக்கம் திரும்பவேயில்லை. எவ்வளவு லேசாக வைக்க முடியுமோ அவ்வளவு லேசாக வைத்தான்.

வியாழக்கிழமை மதியம் கிளம்பும்போது, "தாள் போடலையா?" என்று கேட்டேன்.

"ரஸ்ஸல் கடையில போட்டேன்ல? ஓட்டைய நீயும்தான் பார்த்தே."

"அது பை மேல வெச்சு, டெஸ்."

"நீ எப்போ சங்கத் தலைவர் ஆனே?" என்று என் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நாணயக் கட்டுப்பாட்டை அவர் மீறினது அன்றுதான் முதல் தடவை. அதுவும் என் சிரிப்போடு.

ரோனா கொட்டகை வாசலிலேயே காத்திருந்தாள். "நாலு மாசத்துல அம்பத்தாறு குஞ்சு, டெஸ். ராத்திரி தலையை மட்டும் கடிச்சுப் போட்டுட்டுப் போகுதுங்க. இப்பல்லாம் பட்டப்பகல்லயே வருதுங்க. என்னையே முறைக்குதுங்க, வாடகை கேட்கிற மாதிரி."

"இன்னிக்கு வசூல் பண்ணிடலாம்" என்றார் டெஸ்.

தீவனத் தொட்டியிலிருந்து இருபது கஜம் தள்ளி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். முழங்கால்மேல் முழங்கையை ஊன்றினார். நானும் ரோனாவும் அவருக்குப் பின்னால் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தோம். தரைப் பலகை இடுக்கிலிருந்து மூக்கு ஒன்று வெளியே வந்தது, மீசை வந்தது, பிறகு முழு எலியும் வந்து தொட்டியோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு தானியத்தைப் பிடித்துக்கொண்டு தின்றது.

டெஸ் பாதுகாப்புப் பூட்டை விலக்கினார். விரலை விசைக்குள் கொண்டுபோனார். வைக்கக்கூட இல்லை, கொண்டுபோனார், அவ்வளவுதான். தும்மல் சத்தம் கேட்டது. அவர் இன்னும் குறி பார்த்து முடிக்கவில்லை என்பது அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எலிக்கு இடுப்பில் பட்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. முன்னங்காலால் தன்னை இழுத்துக்கொண்டு, அது வந்த இடுக்குக்குள்ளேயே போய் மறைந்தது. டெஸ் அடுத்த ரவையை வைக்கப் பார்த்தார். ரவை கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. அதற்குள் எலி பலகைக்கு அடியில் இருந்தது, கத்த ஆரம்பித்தது.

நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் அந்தச் சத்தத்தை. கேட்கவும் வேண்டாம்.

மூன்று பேருமாகப் பலகையைப் பெயர்த்தோம். கடப்பாரை கொண்டுவந்தாள் ரோனா. ஒரு பலகை, இரண்டு பலகை, அடியில் கல்லும் வளையும். சத்தம் இங்கே கேட்கும், பலகையை எடுத்தால் அங்கே கேட்கும். அரை மணி நேரம் தேடினோம். டெஸ் குப்புறப் படுத்து வளைக்குள் தோள்வரை கையை விட்டார்.

"விடுங்க டெஸ், கடிச்சு வைக்கப் போகுது! எலிதானே? என் குஞ்சுங்களை அது ஒரே அடியிலயா கொன்னுச்சு?" என்றாள் ரோனா.

அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் கோழி எச்சம். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"விசைதான் ரொம்ப லேசு. இல்லையா மேவிஸ்? தானா வெடிச்சிடுச்சு."

நான் பெயர்த்த பலகைகளை ஓரமாக அடுக்கினேன்.

"நீ சுடு" என்றார்.

"என்னது?"

"இதுக்கு ஸ்பிரிங் இழுக்க வேணாம், உன் தோளுக்கு ஒண்ணும் ஆகாது. நீ அந்த வாளி மேல உக்காந்து அஞ்சு போடு. உன் கையிலயும் தானா வெடிச்சா விசைதான் கோளாறு. நாளைக்கே ரஸ்ஸல்கிட்ட குடுத்து மாத்திக்கலாம்."

"இப்ப எதுக்கு? வீட்டுக்குப் போவோம், டெஸ்."

"இப்பத்தான்."

தீவனப் பெட்டி அட்டையைக் கிழித்து, பத்துப் பென்னி நாணயத்தை வைத்துப் பேனாவால் வட்டம் போட்டார். வட்டம் கோணலாக வந்தது. இருபத்தைந்து கஜத்தைக் காலடியால் அளந்து, தூணில் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தார். துப்பாக்கியை என் மடியில் வைத்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தோளில் வைத்தேன். அந்தப் பாழாய்ப்போன சாமான் என் தோளுக்கென்றே இழைத்த மாதிரி உட்கார்ந்தது.

தோளை ஒரு நூலளவு திருப்பினால் போதும், ரவை வட்டத்தை விட்டுப் போய்விடும். ஐந்தில் மூன்று போனால்கூடப் போதும். "விசைதான்" என்று நான் சொல்வேன், அவர் தலையாட்டுவார், போகிற வழியில் மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அதைத்தான் செய்வதாக இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ரவையை வைக்கும்போது அதுதான் எண்ணம்.

பலகைக்கு அடியில் அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. குரல் சிறுத்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. நான் தவறவிட்டால் அடுத்த வியாழக்கிழமை அவர் மறுபடி இந்த வாளியில் உட்காருவார்.

நேராகப் பார்த்துச் சுட்டேன். விரலை வைத்தபோது வெடிக்கவில்லை. அழுத்தின பிறகுதான் வெடித்தது.

"எங்கே?" என்றார்.

ரோனா தூண்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உள்ளே" என்றாள் மெதுவாக.

டெஸ் அடுத்த ரவையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நாலு மாசமாக நான் பார்க்காத மாதிரி பாவனை செய்துவந்த அந்தக் கையை இப்போது நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. ரவை உள்ளங்கையில் அங்குமிங்கும் உருண்டது. என் விரலுக்கு அது மூன்றாவது தடவைதான் அகப்பட்டது. சுட்டேன். உள்ளே. மூன்றாவதும் உள்ளே.

"போதும், டெஸ்."

"அஞ்சு போடணும்."

"மூணு போதாதா? தெரிஞ்சதுதானே?"

"அஞ்சு போட்டாத்தான் கணக்கு, மேவிஸ். உனக்குத் தெரியாததா?" குரலில் கோபமில்லை. சங்கத்தில் யாரிடமோ பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னார்.

நாலாவதையும் போட்டேன். அட்டையைப் பார்க்க அவர் போகவில்லை. ரோனாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ரோனா, "வேற யாராச்சும் கிடைக்கிற வரைக்கும்..." என்று ஏதோ ஆரம்பித்து, முடிக்காமல், முகத்தை ஏப்ரன் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு எலியைக் கொல்ல மனசு வராதுல்ல?" என்றார் டெஸ் என்னிடம்.

"வராது."

"தெரியும். சும்மா கேட்டேன்."

ஐந்தாவது ரவையை நீட்டினார். நான் எடுப்பதற்குள் அது கையிலிருந்து உருண்டு வைக்கோலில் விழுந்தது. குனிந்து மண்டியிட்டார். ஒவ்வொரு வைக்கோல் தட்டையாக விலக்கித் தேட ஆரம்பித்தார். விலக்கின தட்டைகளும் அவர் விரலோடு சேர்ந்து நடுங்கின. நான் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். அவர் சட்டைப்பை டப்பாவில் இன்னும் நானூறு ரவை இருந்தது. இருந்தாலும் இரண்டு பேரும் அந்த ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.